விருந்தாளியிடம் சொல்லாத குறை

1

நாளைக் காலை என் மேலதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற சடங்கு இது. மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, கோப்பி ஊற்றித் தருவார். தட்டில் ஒரு சொக்லேட்டும் வைப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு இங்கே ஏதாவது குறை இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்பார். கேட்டே ஆக வேண்டும் என்பது இங்குள்ள விதி.

ஜெனீவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் வைப்பதற்கு ஓர் இயந்திரம் உண்டு. எங்கள் மாடியில் இருந்த இயந்திரம் பழுதாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நானும் போர்த்துக்கல்காரி மரியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கையால்தான் தூக்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, இல்லத்து நிர்வாகத்தை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவேன். போன வருடம் அந்த அறையில் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்றும் இல்லை மேடம், எல்லாம் நன்றாக இருக்கிறது." சொல்லிவிட்டு சொக்லேட்டையும் தின்றுவிட்டு வந்தேன்.

என் மகள் மதுராவுக்குப் பதினேழு வயது. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை. அன்று மாலை அவள் கேட்டாள்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒரு கேள்வி வைக்கலாமா?"

"கேள்வியை வைக்க வேண்டாம், கேள்."

"அந்த மெஷினைப் பற்றிச் சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன்? அவர் கேட்டாரே!"

"கோப்பி கொடுத்து அவ்வளவு அன்பாகக் கேட்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?"

அவள் சிரித்த சிரிப்பு அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தப் பழக்கம் எனக்குச் சுவிட்சர்லாந்தில் வந்ததல்ல. இலங்கையின் மலைநாட்டிலிருந்து உடுத்திய சேலையோடு கொண்டுவந்தேன். அது எவ்வளவு பெரிய பழக்கம் என்பது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, மேலே ஏறிப் போனால் வருகிற தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் தங்கை லெச்சுமி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஹட்டனில் கடை வைத்திருந்த ஒருவர் வழியாகப் பேச்சு வந்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். கணவர் நல்லவர், பஸ் ஓட்டுகிறார். அவருடைய சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் புதிதாக யாராவது என்னிடம் "எவடம்?" என்று ஊரைக் கேட்பார்கள். சொன்னால், "ஓ, தோட்டப் பக்கமோ" என்பார்கள். அந்த 'ஓ'வின் நீளத்தை அளந்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

லெச்சுமியின் புருஷன், அவள் மகள் காயத்திரி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அவள்தான் கொழுந்தெடுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தாள். மழையில் நனைந்த கொழுந்து கனக்கும். அந்தப் பாரத்தை முதுகில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, கடைசியில் அவள் இடுப்பு விட்டுப்போனது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் தோட்டம் சும்மா இருந்தது. பிறகு கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். அவர் கெட்ட மனிதரல்ல. மேலே இருந்து சொல்வதைக் கீழே வந்து சொல்கிற ஆள்.

"வீட்டுல ஒரு ஆளாவது பேர் பதிஞ்சு வேலைக்கு வரணும் லெச்சுமி. இல்லாட்டி காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்லி ஆபீஸ்ல சொல்றாங்க. நான் சொல்லல, அவங்க சொல்றாங்க."

காம்பரா என்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற அந்த ஒற்றை அறை. எங்கள் அப்பா பிறந்த அறை, நானும் லெச்சுமியும் பிறந்த அறை. முன்னால் ஒட்டியிருக்கிற குசினியை அப்பா ஆற்று மணல் சுமந்து தன் கையாலேயே கட்டினார். ஆனாலும் தரையும் தோட்டத்துடையது, கூரையும் தோட்டத்துடையது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களுக்கு வேலையும் வீடும் ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் கையை விட்டுப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் காயத்திரிக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. லயத்தில் முதல் டீச்சராகப் போகிற பிள்ளை என்று எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கல்லூரிக்குப் போனால் வீட்டில் வேலைக்குப் போக ஆளில்லை. ஆளில்லை என்றால் அறை இல்லை. இடுப்பு விட்ட அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று சொல்லி அவள் பேர் பதிந்தாள். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, போய் நின்றாள்.

வழி ஒன்றும் பிறக்கவில்லை. "நான் வாடகைக்கு வீடு பார்க்கிறேன், பணம் அனுப்புகிறேன்" என்று சொன்னேன். லெச்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குக்கா வாடக வீடு? நான் என்ன களவா பண்ணேன், காம்பராவ விட்டு ஓடுறதுக்கு?"

அதில் நியாயம் இருந்தது. எனக்கும் ரோசம் வந்தது.

3

நான் வேலைக்குப் போகிற பஸ் ஒரு பெரிய கட்டடத்தைத் தாண்டிப் போகும். உலகத்தில் உள்ள நாடுகளெல்லாம் கூடி, தொழிலாளரை எப்படி நடத்தலாம், எப்படி நடத்தக் கூடாது என்று விதி எழுதுகிற இடம் அது. வருடக்கணக்காக அதை ஒரு பஸ் நிறுத்தமாகத்தான் தெரியும். அங்கே இறங்குகிறவர்கள் எல்லோரும் கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார்கள்.

அகதி விண்ணப்பம் கொடுக்கிற தமிழர்களுக்கு மொழிபெயர்க்க நான் இடைக்கிடை போவதுண்டு. அந்தப் பழக்கத்தில் மொனிக் என்ற பெண்மணி என்னைத் தேடி வந்தார். தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறவர். அந்தக் கட்டடத்தில் நடப்பதை அவர்தான் எனக்குப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லித்தந்தார்.

கட்டாய வேலையை ஒழிப்போம் என்று ஒரு நாடு கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு விட்டுவிடுவதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை, தான் சொன்னபடி நடக்கிறதா என்று அந்த நாடு அறிக்கை அனுப்ப வேண்டும். சட்டம் தெரிந்த ஒரு குழு அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும். அரசாங்கம் எழுதியதற்குப் பக்கத்தில் தொழிற்சங்கங்களும் தங்கள் பங்குக்கு எழுதி அனுப்பலாம். நம் நாடும் கையெழுத்துப் போட்ட நாடுதான்.

"கட்டாய வேலை என்றால் சங்கிலி போட்டு வாங்குவதுதானே?" என்று கேட்டேன்.

"சங்கிலி தேவையில்லை" என்றார் மொனிக். "ஒருவர் மனம் ஒப்பாமல் செய்கிற வேலையா? செய்யாவிட்டால் ஏதாவது தண்டனை கிடைக்கும் என்று மிரட்டப்பட்டாரா? இந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். அடி உதை மட்டும் தண்டனை இல்லை. உரிமையாக இருப்பதை இழக்க நேருவதும் தண்டனைதான்."

எங்கள் காம்பராவைப் பற்றி யாரோ எப்போதோ இந்த ஊரில் எழுதிவைத்திருக்கிறார்கள் போல இருந்தது.

மொனிக் மலைநாட்டுக்குப் போய்த் தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து, சங்கங்களின் அறிக்கையோடு சேர்க்கப் போவதாகச் சொன்னார். அவர் அனுப்புகிற பதிவுகளைக் கேட்டுப் பிரெஞ்சில் ஆக்குவது என் வேலை. எங்கெங்கே போகலாம் என்று கேட்டார். கொத்மலைப் பக்கம் ஒன்று, உடப்புசல்லாவையில் ஒன்று சொன்னேன். மூன்றாவதாக எங்கள் தோட்டத்தையும் சொன்னேன். "அங்கே என் தங்கை இருக்கிறாள். இதில் எனக்கு அக்கறை இருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

லெச்சுமிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன்: "ஒரு வெள்ளக்காரம்மா வருவாங்க. கேக்குறதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு."

"சரிக்கா, சொல்றேன்க்கா" என்றாள். நான் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

பதிவு வந்த அன்று எனக்கு ஓய்வுநாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலிகளை இழுக்கிற சத்தம், தட்டுச் சத்தம், யாரோ ஒருவர் வரவேற்புரை, கைதட்டல். பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு ஹட்டனிலிருந்து மொனிக்கோடு போயிருந்த சங்கத்துப் பெண் ராணி ஒவ்வொருவராகக் கேட்டாள். பதில்கள் வரிசையாக வந்தன.

"ஒரு கொறையும் இல்லீங்க."

"நல்லா பாத்துக்குறாங்க. நாங்க சந்தோசமா இருக்கோங்க."

அடுத்தது என் தங்கையின் குரல். "எங்களுக்கு என்னங்க கொற? நீங்க இம்புட்டு தூரம் வந்ததே போதுங்க. மொதல்ல சாப்புடுங்க."

பிறகு காயத்திரியிடம் கேட்டார்கள். "அம்மா சொன்னதுதாங்க" என்றாள்.

4

எனக்குக் கோபம் வந்தால் ரொட்டி சுடுவேன். மாவைப் போட்டுக் குத்திப் பிசைகிறபோது பாதிக் கோபம் அதில் போய்விடும். அன்று வீட்டில் இரண்டு நாளைக்குப் போதுமான ரொட்டி இருந்தது. கணவர் வந்து அடுக்கைப் பார்த்துவிட்டு விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"உமக்கேன் இந்தத் தலையிடி? அவை சொன்னதை அப்பிடியே மாத்திக் குடுத்துப்போட்டு விடுமன்."

"அப்படியே மாற்றிக் கொடுத்தால், எங்கள் தோட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் எழுதிவைத்துக்கொள்வார்கள். காயத்திரி ஆயுசுக்கும் கூடையோடு நிற்க வேண்டியதுதான்" என்றேன். அவர் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கையைக் கூப்பிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்றுதான் ஆரம்பித்தேன்.

"கோவப்படாதக்கா" என்றாள். "வீடு தேடி வந்த மனுசிக்கா அது. ஆலாத்தி எடுத்து, பொட்டு வச்சு, மால போட்டு உக்கார வச்சிருக்கோம். குமாஸ்தா வீட்டுல கதிர எரவல் வாங்கி, பிஸ்கட்டு, சோடா எல்லாம் அடுக்கி வச்சிருக்கு. வந்தவங்க முன்னாடி மூக்கச் சிந்துனா நல்லாவா இருக்கும்?"

"கணக்கப்பிள்ளைக்குப் பயந்தியா?"

"அவர அந்தம்மா வெளிய போகச் சொல்லிட்டாங்களே! அப்புறமும் ஒருக்கா கேட்டாங்க. அப்பவும் வாய் வரலக்கா. அந்தம்மா பிஸ்கட்டு தட்ட கையில வச்சிக்கிட்டு சிரிச்ச மொகமா பாக்குறாங்க. என்னத்த சொல்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மெத்தை நாற்காலியும் கோப்பியும் சொக்லேட்டும் கண் முன்னால் வந்து நின்றன. நான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்?

எங்கள் ஆட்களைக் கோழைகள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொய். தோட்டத்தில் வேலை நிறுத்தம் என்றால் முதலில் ரோட்டில் உட்காருகிறவர்கள் பெண்கள்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசில் கை வைத்தால் அங்கே கேட்கிற வசவை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் யாராவது விருந்தாளியாக வந்துவிட்டால் கதை வேறு. குசினியில் அரிசி இல்லை என்றாலும் முகத்தில் காட்டக் கூடாது. பெரிய தொரை வந்தாலும் மந்திரி வந்தாலும் தேயிலை வாங்குகிற கம்பனி ஆட்கள் வந்தாலும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, "நல்லா இருக்கோம்" என்று சொல்லியே பழகிவிட்டோம். வந்தவர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் போயிருக்கிறார்கள். நம்புவது அவர்களுக்கும் வசதி.

மொனிக் அப்போது ஹட்டனில் ஒரு விடுதியில் இருந்தார். அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவை பதில்களே அல்ல. உபசாரம்" என்றேன்.

"எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. பயம் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் சொல்லாததை என்னால் எழுத முடியாது. நீங்களும் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது."

"சேர்க்க மாட்டேன். நீங்கள் கேட்கிற இடத்தை மாற்றுங்கள்."

"எங்கே கேட்பது?"

"நிரையில்" என்றேன்.

5

கொழுந்தெடுக்கிற பெண்கள் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு வரிசை பிடித்துக்கொண்டு மேலே நகர்ந்து போவார்கள். அந்த வரிசைதான் நிரை. கை அது பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்கும், வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் செடியைத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் புருஷனிடமே சொல்லாததை நிரையில் பக்கத்து ஆளிடம் சொல்லிவிடுவார்கள். நிரைக்குள் கால் வைத்தவள் விருந்தாளி இல்லை. அவள் சக ஆள். அவளுக்கு மாலை போடுவதில்லை, முற்றின இலையைக் கிள்ளினால் திட்டுவார்கள்.

மொனிக்குக்கு இவ்வளவையும் சொல்லி, "கதிரையில் உட்காராதீர்கள். எதைக் கொடுத்தாலும் சாப்பிடாதீர்கள். கூடையைக் கட்டிக்கொண்டு கிள்ளுங்கள். கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்" என்றேன். பதிவு செய்கிற விதம் பற்றி அவர்களுக்கும் விதிகள் உண்டு. சம்மதம் கேட்டு, அதைப் பதிந்துவிட்டுத்தான் தொடங்கலாம் என்றார். அது நல்ல விதிதான்.

கோயிலுக்குப் போகிற நடைபாதை, அவர்கள் கொழுந்தெடுக்கிற ஏழாம் நம்பர் மலைக்கு நடுவாகத்தான் போகிறது. அது எல்லோருக்கும் பொதுப் பாதை. மொனிக்கும் ராணியும் அந்த வழியாகப் போய் ஏறினார்கள்.

அந்தப் பதிவை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முதலில் காற்று. பிறகு கொழுந்து ஒடிகிற சத்தம். அதற்கு மேல் ஒரே சிரிப்பு.

"ஐயோ அம்மா, அத கிள்ளாதீங்க! அது முத்துன எல!"

"இந்தம்மா எடுக்குற கொழுந்தப் போட்டா பெக்டரியே மூடிருவாங்க!"

மொனிக்கும் சிரிக்கிறார். ஒரு பெண் அவர் கையைப் பிடித்து எப்படிக் கிள்ளுவது என்று காட்டுகிறாள். நெடுநேரம் அப்படியே போகிறது. பிறகு ராணி, பேசுவதைப் பதியலாமா, எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்கிறாள். வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேர் தள்ளிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். அட்டைக் கடியிலிருந்து, கக்கூஸ் இல்லாத மலையிலிருந்து, காய்ச்சலோடு வந்தவளுக்கு அரைப் பேர் போட்ட கதை வரைக்கும் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்தாள். முதல் பதிவில் "ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொன்ன அதே குரல்கள்.

கடைசியில் காயத்திரி. அவள் கையை நிறுத்தவில்லை. அவள் பேசுகிற நேரமெல்லாம் கொழுந்து ஒடிகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"நான் மனசு ஒப்பி இந்த வேலைக்கு வரலீங்க. அம்மாவுக்கு இடுப்பு போயிருச்சு. வீட்டுல ஒரு ஆளு பேர் பதியலேன்னா காம்பராவ விடணும்னாங்க. எனக்கு டீச்சர் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. போனா அம்மாவுக்கு எடமில்ல. போகாட்டி எனக்கு எடமில்ல. இதுக்குப் பேரு என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

பெயரைப் போடலாமா, மறைக்கலாமா என்று ராணி கேட்டாள்.

"போடுங்க. ஒளிஞ்சு சொல்றதுக்கு நான் என்ன பொய்யா சொல்றேன்?"

இந்தக் குறிப்பில் மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். காயத்திரி மட்டும் இங்கேயும் தன் பெயரை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சாட்சி என் சொந்தக்காரி என்பதால் என் மொழிபெயர்ப்பை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சரியான ஏற்பாடுதான். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மிகவும் நிதானமானவர். "அரைப் பேர் எண்டால் என்ன பிள்ளை? பாதிப் பெயரோ?" என்று கேட்டார். அரை நாள் வேலையாகக் கணக்கு வைப்பதைத் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம் என்றேன். பெரட்டு என்ன, காம்பரா என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் தலவாக்கலையில மூண்டு வருசம் படிப்பிச்சனான். இதொண்டும் எனக்குத் தெரியாமல் போச்சுது" என்றார். "மாஸ்டர், நீங்கள் விருந்தாளியாக இருந்திருப்பீர்கள்" என்றேன். அவர் 'ஓ' என்று சொல்லவில்லை.

6

அந்தக் கட்டடம் அவசரப்படுகிற இடம் அல்ல. சங்கங்களின் அறிக்கை போனது. குழு கூடியது. குளிர்காலம் வந்தது, ஏரிக்கரை மரங்களில் ஒரு இலையும் மிஞ்சவில்லை. "எப்போது பதில் வரும்?" என்று மொனிக்கை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். வரும்போது வரும் என்பதைத்தான் அவர் பல விதமாகச் சொன்னார்.

கல்லூரி அதற்காகக் காத்திருக்குமா? திறக்கிற நாள் வந்துவிட்டது. காயத்திரி அழைத்தாள்.

"பெரியம்மா, நான் போறேன். மலையில சொல்லியாச்சு. சொன்னதுக்கு அப்புறம் திரும்பப் போயி பெரட்டுல நிக்க முடியல."

"அம்மா?"

"அம்மாதான் பெட்டிய கட்டுனாங்க."

அவள் போன மறுவாரம் கணக்கப்பிள்ளை வந்து, மாத முடிவுக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசில் சொல்கிறார்கள் என்றாராம். லெச்சுமி போகவில்லை. மாதம் முடிந்தது, அப்போதும் போகவில்லை. பூட்டுப் போட வந்தவர்களிடம், உள்ளே ஆளை வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்லிக் கதவடியில் உட்கார்ந்துகொண்டாள். நிரையில் பேசிய பெண்கள் வேலை விட்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பூட்டுக் கொண்டுவந்தவர்கள் பூட்டோடு திரும்பிப் போனார்கள். இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டு, ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் ரொட்டி சுடுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு ஒருநாள் மொனிக் அழைத்தார். குழு நம் நாட்டு அரசாங்கத்திடம் கேள்வி கேட்டுவிட்டது. தோட்டங்களில் குடியிருப்பையும் வேலையையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் யாராவது மனம் ஒப்பாமல் வேலை செய்ய நேருகிறதா, அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள், விசாரித்துத் தெரிவியுங்கள் என்று. அவ்வளவுதான். ஒரு பத்தி. யார் பெயரும் அதில் இல்லை. மதுரா அதை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா? தண்டனை ஒன்றும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை. கேள்விதான் வைத்திருக்கிறார்கள்" என்றேன். அவளுடைய சொல்லையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். "வைத்த கேள்வியை எடுக்க மாட்டார்கள். பதில் வரும்வரை அது அங்கேயே இருக்கும்."

அவள் அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். பிறகு, காயத்திரி அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மதுராவின் தமிழைக் கேட்டு அந்தப் பக்கம் டீச்சர் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கும் கேட்கிறது.

கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமே. அதனால் போன வாரம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி தோட்டத்துக்கு வந்தார். சங்கங்களின் அறிக்கையில் காயத்திரியின் பெயர் இருந்ததால், நேராக என் தங்கையின் காம்பராவுக்கு. நாளை அந்த மெத்தை நாற்காலியில் எனக்கு மறுபடி வாயடைத்துப்போனால், நான் நினைத்துக்கொள்ள வேண்டியது அன்று பார்த்ததைத்தான்.

லெச்சுமி எனக்கு வீடியோவில் அழைத்து, போனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்திருந்தாள். வந்தவரிடம், "எங்கக்கா கேட்டுக்கிட்டு இருப்பாங்க, பரவாயில்லீங்களா?" என்று கேட்டு அனுமதியும் வாங்கினாள். அதிகாரி சிங்களவர், வயதானவர், சாந்தமான முகம். கூட ஒரு தமிழ் உத்தியோகத்தர். வாசலில் கணக்கப்பிள்ளையின் இருமல். மேசையில் கிரீம் பிஸ்கட்டு, வாழைப்பழம், நல்ல கோப்பையில் தேத்தண்ணி. எல்லாம் பழையபடியே அடுக்கியிருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். உத்தியோகத்தர் தமிழில் சொன்னார்: "அம்மாவுக்கு இங்க ஏதாவது குறை இருக்கான்னு ஐயா கேக்குறாரு."

லெச்சுமிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். கேள்வி முதல் தடவையே புரிந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க. ஆறிப்போகுது" என்றாள்.

போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அதிகாரி குடித்தார். ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். அவர் குடித்து முடிக்கிறவரை அவள் பொறுமையாக நின்றாள். கோப்பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பிறகு, எங்கள் லயத்தில் எந்த அதிகாரி முன்னாலும் யாரும் செய்யாததைச் செய்தாள். கதிரை ஒன்றை இழுத்து, அந்த விட்டுப்போன இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"குடிச்சாச்சுங்களா? சரி. இப்ப பேனாவ எடுங்க" என்றாள். "கொற இருக்கு. எம் மக கதையில இருந்து சொல்றேன்."